உச்சிவேளைக்கு வந்த இரண்டு கழுகுகள்

திருக்கழுக்குன்றத்துக் கழுகுகளைப் பற்றி எங்கள் காஞ்சிபுரத்தில் பேச்செடுத்தால், ஐம்பது வயதைத் தாண்டிய பலரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "நான் பாத்திருக்கேன். கரெக்டா பன்னெண்டு மணிக்கு ரெண்டு வரும், சாப்பிட்டுட்டுப் போயிடும்." சரி, இப்போ ஏன் வருவதில்லை என்று கேட்டால் அதற்கும் பதில் தயார். "பாவம் அதிகமாயிடுச்சு."

முதல் பதில் சாட்சியம். இரண்டாவது தீர்ப்பு. சாட்சியத்தை நான் அப்படியே நம்புகிறேன். தீர்ப்பைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: திருக்கழுக்குன்றம் 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது, இப்போது செங்கல்பட்டு மாவட்டம். மலைமேல் வேதகிரீஸ்வரர், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். மலையில் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் இருக்கிறது. அதன் சுவரில் 17-ஆம் நூற்றாண்டில் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். (சுவரைக் கண்டால் பேர் எழுதும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல.) தேவார மூவரும் இந்த ஊரைப் பாடியிருக்கிறார்கள். ஆக, ஊர்ப்பெயரில் கழுகு ஏறி ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பட்சி தீர்த்தம் என்றும் ஒரு பெயர் உண்டு.

தலபுராணம் சொல்வது, சிவனிடம் சாபம் பெற்ற எட்டு முனிவர்கள் யுகத்துக்கு இருவராகக் கழுகு உருவில் வருகிறார்கள் என்று. கலியுகத்துக்குரிய இருவரைத்தான் நம் பெரியவர்கள் பார்த்தது. காலையில் கங்கையில் நீராடல், மதியம் இங்கே உணவு, ராத்திரி ராமேஸ்வரம் என்பது ஒரு வகை. இடங்கள் மாறும் வேறு வகைகளும் உண்டு. மலைமேல் பாறையில் அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்துச் செய்த உணவை வைத்துக் காத்திருப்பார்கள். இரண்டு வெள்ளைப் பறவைகள் இறங்கி வரும்.

அந்த வெள்ளைதான் முதல் துப்பு. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இவற்றை 'கைட்' என்றும் 'ஈகிள்' என்றும் எழுதினார்கள். நாமும் பொதுவாகக் கழுகு என்கிறோம். உண்மையில் இது பாறு இனம், மஞ்சள்முகப் பாறு. அறிவியல் பெயர் நியோஃப்ரான் பெர்க்னாப்டெரஸ். இந்தியாவில் உள்ள துணையினத்துக்கு 'ஜிஞ்ஜினியானஸ்' என்று பெயர். ஜிஞ்ஜி என்பது நம்ம செஞ்சி! பிரெஞ்சுப் பயணி சொன்னேரா 1782-ல் வெளியிட்ட தன் பயண நூலில் 'செஞ்சியின் பாறு' என்று இதை வர்ணித்தார். அதை வைத்து லேதம் 1790-ல் லத்தீன் பெயர் கொடுத்தார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் இது சாதாரணமாகத் தென்பட்ட பறவை என்பதற்கு அந்தப் பெயரே அடையாளம்.

இனி புதிர். ஏன் எப்போதும் இரண்டு? நூற்றாண்டுக் கணக்கில் எப்படி அதே இரண்டு?

மஞ்சள்முகப் பாறு ஜோடியாக வாழும். பாறை இடுக்கில் கூடு கட்டும், வருஷக்கணக்கில் அதே இடத்தை விடாது. மற்றப் பாறுகளைப் போலப் பெருங்கூட்டமாகக் கூடு வைக்காது. ஒரு குன்று, ஒரு ஜோடி, அவ்வளவுதான். ஆணும் பெண்ணும் நிறத்தில் ஒரே மாதிரி. குஞ்சோ கரும்பழுப்பு நிறம். முழு வெள்ளைக்கு மாற ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆகும். அதற்குள் அது வேறிடம் பார்த்துப் போய்விடும். ஜோடியில் ஒன்று செத்தால் வேறொரு பறவை வந்து அந்த இடத்தை நிரப்பும். கீழே நிற்பவருக்கு நேற்றும் இரண்டு வெள்ளைப் பறவை, இன்றும் இரண்டு வெள்ளைப் பறவை. எங்கள் தொழிலில் சொல்வதென்றால், ஐபி அட்ரஸ் அதேதான், பின்னால் இருக்கும் சர்வரை மாற்றிவிட்டார்கள், யூசருக்குத் தெரியாது.

கூண்டில் வளர்க்கப்பட்ட மஞ்சள்முகப் பாறு ஒன்று 37 வயது வரை இருந்ததாகப் பதிவு உண்டு. காட்டில் அவ்வளவு நாள் தாங்காது. ஜி.யூ.போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு 1900-ல் வந்தது, எட்கர் தர்ஸ்டனின் இனவியல் குறிப்புகள் 1906-ல். இரண்டிலும் இந்தப் பறவைகள் உண்டு. 1990-களில் பார்த்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த இடைவெளிக்கு மட்டுமே குறைந்தது மூன்று ஜோடி வேண்டும்.

நேரம் தவறாமை? அது இன்னும் எளிது. மணியை வைத்தது பறவை அல்ல, கோயில். உச்சிவேளையை ஒட்டித் தினமும் ஒரே பாறையில், ஒரே மாதிரி உணவு. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காக்கைகள் குக்கர் மூன்றாவது விசிலுக்கு வந்து கைப்பிடிச் சுவரில் உட்காருகின்றன. அம்மா சோறு கொண்டுவர இன்னும் கால் மணி நேரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சமையல் தாமதமானால் அவையும் தாமதம். ஜெர்மனியில் பீபாக் என்பவரும் சகாக்களும் தோட்டக் கதிர்க்குருவிகளை வைத்து 1989-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நான்கு அறைகளில் வெவ்வேறு நேரத்தில் தீனி. எந்த நேரத்துக்கு எந்த அறை என்று குருவிகள் கற்றுக்கொண்டன. ஒரு குருவிக்கு முடிவது, இத்தனை வருஷம் வாழும் பாறுக்கு முடியாதா?

இன்னொரு விஷயம், பக்தர்கள் கோபிக்கக் கூடாது. பொங்கல் அந்தப் பறவையின் முழுச் சாப்பாடு அல்ல, இடையில் கிடைக்கிற கொறிப்பு. மற்ற நேரத்தில் இது செத்த மாடு, குப்பை, சாணம் எல்லாம் தின்னும். முகத்தின் மஞ்சளே சாணத்தில் உள்ள கரோட்டினாய்டு நிறமியால் வருவது என்று 2002-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஆப்பிரிக்காவில் இதே பறவை கல்லைத் தூக்கித் தீக்கோழி முட்டைமேல் எறிந்து உடைப்பதை 1966-ல் ஜேன் குடாலும் ஹியூகோ வான் லாவிக்கும் பதிவு செய்தார்கள். மந்தமான பறவை என்று நினைக்க வேண்டாம்.

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்லவில்லை. 1977-லேயே 'நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்' இதழில் கேரளத்தின் கே.கே. நீலகண்டனும், அடுத்துச் சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனியும் இந்தப் பறவைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சிரோமனி புள்ளியியல் பேராசிரியர். கோலத்துக்கு இலக்கணம் எழுதி 1974-ல் கணினி அறிவியல் ஆய்விதழில் வெளியிட்டவர்களில் ஒருவர். பிஇ படித்த எங்கள் தலைமுறைக்கு அவர் பெயரை யாரும் சொல்லித் தராதது எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

இப்போது தீர்ப்புக்கு வருவோம். பறவை வராத நாட்களும் இருந்தன. அன்றைக்கு என்ன விளக்கம் என்றால், கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறார். ஐந்நூறு படி ஏறி, வெயிலில் காத்திருந்து, வெறும் பாறையைப் பார்த்துவிட்டு இறங்கும் ஒருவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? பக்கத்தில் நின்ற யாரை அவர் கண் தேடியிருக்கும்? பறவை வந்தால் தலத்தின் மகிமை, வராவிட்டால் உன் பாவம். எந்த இன்புட் கொடுத்தாலும் பாஸ் ஆகிற டெஸ்ட் கேஸ் இது. அப்படி ஒரு டெஸ்ட்டால் எந்தத் தவறையும் பிடிக்க முடியாது. அடைகாப்பதற்கே ஆறு வாரம் ஆகும் பறவை, இரண்டும் மாறி மாறி உட்காரும். மழை உண்டு, காற்று உண்டு, பக்கத்து ஊரில் ஒரு மாடு செத்துக் கிடந்திருக்கலாம்.

1948-ல் ஸ்கின்னர் எட்டுப் புறாக்களைக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வருமாறு செய்தார். ஆறு புறாக்கள் தனக்குத் தானே ஒரு சடங்கை உருவாக்கிக்கொண்டன. ஒன்று சுற்றியது, ஒன்று தலையை ஆட்டியது. 'புறாவின் மூடநம்பிக்கை' என்றே தலைப்பு வைத்தார். பிறகு 1971-ல் ஸ்டாடன், சிம்மெல்ஹாக் இருவரும் அதை மறுபடி செய்துபார்த்து, புறாக்கள் செய்ததில் பெரும்பகுதி தீனியை எதிர்பார்க்கும் இயல்பான நடத்தைதான் என்றார்கள். திருக்கழுக்குன்றத்தில் கழுகுகள் சரியாகத்தான் கற்றுக்கொண்டன: பாறை, நேரம், உணவு. தொடர்பில்லாத இரண்டைச் சேர்த்து முடிச்சுப் போட்டது படியில் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஒரு நாள் வராததற்குப் பாவம் என்று சொல்லிப் பழகியதால்தான், 1990-களின் இறுதிக்குப் பின் ஒரேயடியாக வராமல் போனபோதும் அதே பதில் போதுமானதாக இருந்தது என்பது என் எண்ணம். அதே காலத்தில்தான் இந்தியா முழுவதும் பாறுகள் சரிந்தன. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்லோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்று லிண்ட்ஸே ஓக்ஸ் குழு 2004-ல் பாகிஸ்தான் பறவைகளைக் கொண்டு காட்டியது. இந்தியா 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தது. மஞ்சள்முகப் பாறு 2007-ல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இந்த ஒரு ஜோடியின் கணக்கை முழுக்க ஒரு மருந்தின்மேல் நான் எழுத மாட்டேன். ஊர் பெருத்தது, செத்த மாட்டை வெளியில் போடும் வழக்கம் குறைந்தது, பாறைகள் உடைபட்டன. ஆனால் ஜோடியில் ஒன்று போனால் வந்து நிரப்ப வெளியே பறவை இருக்க வேண்டும் அல்லவா? அந்த வெளிக்கூட்டமே இல்லாமல் போனதுதான் விஷயம்.

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் சாலையில் போனால் திருப்புட்குழி வரும். புள் என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று தலவரலாறு. பறவைக்குக் காரியம் செய்த கதை ஒரு பக்கம், பறவைக்குச் சோறு போட்ட மலை இன்னொரு பக்கம். நம் பட்டுச்சேலைக் கரையில் அன்னம், கிளி, மயில், இருதலைப்பட்சி எல்லாம் உண்டு. பாறு இருந்து நான் பார்த்ததில்லை. அதற்குக் கோயிலில் கிடைத்த இடம் தறியில் கிடைக்கவில்லை.

மஞ்சள்முகப் பாறு முற்றாக அழிந்துவிடவில்லை. ராஜஸ்தானில் பிகானேர் அருகே ஜோர்பீரில், செத்த கால்நடைகளைப் போடும் இடத்தில், குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. 2015-ல் மனிதர்களுக்கான டைக்லோஃபினாக் ஊசிக் குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது, பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுவதைத் தடுக்க. 2023-ல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். மாடு வளர்க்கும் வாசகர்கள் யாராவது இருந்தால், பாறுக்குக் கேடில்லாத மெலோக்சிகாம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.