பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு
கோவை மாவட்டம் பொள்ளாச்சியில் பெண்களை நட்பு பாராட்டி அழைத்துச் சென்று, வன்கொடுமை செய்து, அதைக் காணொளியாக்கி மிரட்டிய கும்பல் மீதான வழக்கு. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தபின் வெளிச்சத்துக்கு வந்தது. இங்கே கைப்பேசிப் படம்தான் ஆயுதம். 'வெளியே விட்டுவிடுவோம்' என்ற ஒரு சொல்லே பலரையும் வாய்திறக்க விடாமல் வைத்திருந்தது.

புகார் கொடுத்த பெண்ணின் பெயரை வெளியிட்டது குற்றவாளிகள் அல்ல, காவல்துறை. விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அதே பிழை. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவின்படி குற்றம் என்பதை நினைத்தால் வியப்பாகவே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

உள்ளூர்க் காவல்துறை, சி.பி.சி.ஐ.டி. என்று கைமாறிய விசாரணை கடைசியில் சி.பி.ஐ.யிடம் போனது. மூடிய அறையில் சாட்சியம் பதிவானது; சாட்சிகள் எவரும் பிறழவில்லை. கைப்பற்றப்பட்ட கருவிகளிலிருந்து கிடைத்த மின்னணுச் சான்றுகள் துணைநின்றன. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்து, பாதிக்கப்பட்டோருக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.