பிழைகளை அச்சிட்ட மருத்துவர்

மருத்துவ வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். மயக்கமருந்து, தடுப்பூசி, பெனிசிலின் என அது வெற்றிகளின் வரிசையாக நீள்கிறது. மருத்துவமனைக்குள் நிகழும் பிழைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் தவிர்க்கவியலாத பெயர் எர்னஸ்ட் அமோரி காட்மன் (1869-1940).

காட்மன் பாஸ்டன் நகரில் மருத்துவம் பயின்ற நாட்களில், அறுவைச் சிகிச்சையின்போது ஈதர் கொடுக்கும் பொறுப்பு மாணவர்களிடமே விடப்பட்டிருந்தது. முறையான பயிற்சி ஏதுமில்லை. 1893இல் அவருடைய நண்பரும் பின்னாளில் மூளை அறுவையின் முன்னோடியாகப் புகழ்பெற்றவருமான ஹார்வி குஷிங் ஈதர் கொடுத்துக்கொண்டிருந்தபோது நோயாளி ஒருவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டே நண்பர்கள் இருவரும், மயக்க நிலையில் உள்ளவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் இடைவிடாது குறித்து வைக்கும் அட்டவணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். துயரத்தை எண்களாகப் பதிவு செய்வதே அது மீண்டும் நிகழாமல் தடுக்கும் வழி என்ற எண்ணம் அப்போதே காட்மனிடம் வேர்கொண்டுவிட்டது எனலாம்.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவரானபின் அவர் எழுப்பிய கேள்வி மிக எளியது: சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்? நலமாக இல்லையெனில், ஏன்? ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வேண்டும், விளைவு அதில் எழுதப்பட வேண்டும், அது பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்றார். இதற்கு 'இறுதி விளைவுக் கோட்பாடு' என்று பெயர். மூப்பின் அடிப்படையில் பதவி உயர்வு வழங்கிய நிறுவனத்துக்கு இது உவப்பாக இருக்கவில்லை. 1914இல் அவர் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார்.

அதற்கு முன்னரே, 1911இல், சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனையை அவர் தொடங்கியிருந்தார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வெளியேறிய நோயாளிகள் 337 பேர். அவர் பதிவு செய்த பிழைகள் 123. திறமைக் குறைவு, தீர்மானப் பிழை, கவனக் குறைவு, நோயறிவதில் தவறு என அவற்றை வகைப்படுத்தி அச்சிட்டுப் பிற மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். தன் கைப்பிழைகளையும் அவர் மறைக்கவில்லை.

1915 ஜனவரியில் பாஸ்டன் மருத்துவர்களின் கூட்டமொன்றில் அவர் ஒரு கேலிச்சித்திரத்தைத் திரைநீக்கினார். மணலில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழியொன்று பின்னங்காலால் பொன் முட்டைகளை மருத்துவர்களை நோக்கி உதைத்துத் தள்ளுகிறது. நெருப்புக்கோழி, நகரின் செல்வந்த நோயாளிகள். உண்மை தெரிந்தால் முட்டை கிடைக்குமா என்பது படம் எழுப்பிய வினா. அரங்கம் கொதித்தது. அவர் தலைமைப் பொறுப்பை இழந்தார்; ஹார்வர்டில் வகித்த ஆசிரியப் பணியும் போயிற்று.

அந்த அச்சம் பாஸ்டனோடு நின்றுவிடவில்லை. காட்மனின் கருத்துகளால் தூண்டப்பட்ட அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, நூறும் அதற்கு மேலும் படுக்கைகள் கொண்ட 692 மருத்துவமனைகளை ஆய்ந்தது. அடிப்படைத் தரத்தை எட்டியவை 89 மட்டுமே. 1919இல் நியூயார்க்கில் அந்த எண்ணிக்கையை அறிவித்தவர்கள், பெயர்ப்பட்டியலை மட்டும் செய்தியாளர் கைக்கு எட்டாதவாறு விடுதியின் உலையிலிட்டு எரித்துவிட்டார்கள்.

அச்சமும் மௌனமும் கரைய நெடுங்காலம் பிடித்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என்று அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் அறிக்கை மதிப்பிட்டது 1999இல்தான். அவ்வறிக்கையின் சாரம் எண்ணிக்கையில் இல்லை. பிழை செய்பவர் பெரும்பாலும் தீயவரோ சோம்பேறியோ அல்லர். பிழைக்கு இடமளிக்கும் ஏற்பாட்டையே திருத்த வேண்டும் என்றது அது.

காட்மன் தனியொருவராகச் செய்ததை ஒரு நிறுவனம் முழுதும் செய்யும்போதுதான் அது பண்பாடாகிறது. பிழையைச் சொன்னவர் வேலையை இழக்கும் இடத்தில் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். அங்கே அதே பிழை மற்றொரு படுக்கையில் மீண்டும் நிகழும். அறுவைக்கு முன் சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படிக்கும் செவிலியர், "பொறுங்கள், இது சரியில்லை" என்று மூத்த மருத்துவரிடம் அஞ்சாமல் சொல்ல முடிகிறதா என்பதே இன்றைய உரைகல்.

1940இல் இறந்த காட்மனின் கல்லறையில் 2014 வரை பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை.