சுளகும் லேப்டாப்பும்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கான விதிகள் கொரோனாவோடுதான் வந்தன என்று யாராவது சொன்னால் எனக்குத் திருநெல்வேலிப் பக்கத்து பீடிதான் ஞாபகம் வரும். கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, மடியில் சுளகை வைத்துச் சுற்றி, கட்டுக்கட்டாக எண்ணித் திருப்பிக் கொடுக்கிற வேலை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இந்த வேலைக்கு 1966-லேயே சட்டம் வந்துவிட்டது.

அது சும்மா வரவில்லை. 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்துக்குச் சுவருக்குள் இருப்பவர்தான் கண்ணில் படுவார். சுவருக்குள்ளேயே இருந்தும் ஒருவர் தோற்றார். மகாராஷ்டிரத்துச் சின்னரில் ஃபேக்டரியில் உட்கார்ந்து பீடி சுற்றியவருக்கு லீவு சம்பளம் உண்டா என்ற வழக்கு. இவர் நினைத்த நேரத்துக்கு வரலாம், போகலாம், சொல்லாமல் நின்றுகொள்ளலாம். ஆகவே அந்தச் சட்டப்படி ‘தொழிலாளி’ அல்ல என்று 1961-ல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொன்னது. இன்றைக்கு வேலை விளம்பரத்தில் ‘உங்கள் வசதிப்படி நேரம்’ என்று சலுகையாகப் போடுகிறார்களே, அதேதான். அன்றைக்கு அது லீவு சம்பளத்தைக் காலி பண்ணிவிட்டது.

முதலாளிகளுக்கு வழி தெரிந்துபோனது. நடுவில் ஒரு கான்ட்ராக்டர், வேலை வீட்டில், பொறுப்பு யாருக்கும் இல்லை. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. மூலப்பொருளை வாங்கிக்கொண்டு வீட்டில் சுற்றுபவரும் ஊழியர்தான் என்றது. லீவும் பேறுகாலப் பணமும் அவருக்கும் உண்டு என்றது. சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி உண்டா இல்லையா என்ற தகராறைத் தீர்க்கவும் வழி வைத்தது.

முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ‘வீட்டில் நடப்பதை நாங்கள் பார்ப்பதே இல்லையே, அவர்கள் எப்படி எங்கள் ஆட்கள்?’ என்ற வாதம் பி.எஃப். வழக்கிலும் வந்தது. 1985 தீர்ப்பின் சாரம் இதுதான்: பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதில்லை, கொண்டுவந்ததைப் பிரித்துப் பார்த்துக் கழிக்கிற உரிமை இருந்தால் அதுவே மேற்பார்வை.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாஸ்புக்கில் ஒரு பெயர் இருக்கும், சுற்றுகிற கை நாலு இருக்கும். ஆனாலும் சரியான கேள்வியைச் சட்டம் கேட்டது: வேலை வீட்டுக்குப் போனால் முதலாளியின் கடனும் கூடவே போகுமா?

2022-ல் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு 43ஏ என்ற விதி வந்தது. ஊழியர்களில் பாதிப் பேர்வரை, ஒரு வருஷம்வரை வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றது. அது அனுமதி பற்றிய விதி, கடன் பற்றியது அல்ல. நம்ம கம்பெனி பாலிசிகளும் பெரும்பாலும் அப்படித்தான்: யார் போகலாம், எத்தனை நாள், எத்தனை மணிக்கு லாகின். கரண்ட் பில் யாருடையது, திருப்பி அனுப்பிய வேலைக்குச் செலவான ராத்திரி யார் கணக்கு என்று தேடினால் கிடைக்காது.

அடுத்த தடவை ‘ஏற்கிறேன்’ பட்டனை அமுக்கும் முன் இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள். சுளகு வைத்திருந்தவர்கள் நமக்கு முன்னாலேயே கேட்ட கேள்விகள்தான்.