கடும் பயிற்சியும் குருதியிலுள்ள வளர்ச்சிப் புரதமும்

ஐஜிஎஃப்-1 என்பது வளர்ச்சி ஓமோனின் தூண்டுதலால் பெரும்பாலும் ஈரல் சுரக்கும் புரதம். எலும்பும் தசையும் வளர அது வேண்டும். குருதியில் அதன் பெரும்பகுதி ஐஜிஎஃப்பிபி-3 என்ற காவிப் புரதத்துடன் சேர்ந்தே ஓடுகிறது.

பயிற்சி கூடினால் இதுவும் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்காவில் பதின்ம வயது ஆண்பிள்ளைகளை 5 வாரம் கடுமையாகப் பயிற்றுவித்தபோது உடற்தகுதி உயர்ந்தது, ஐஜிஎஃப்-1 இறங்கியது. எடைப் பிரிவுக்காக உணவைக் குறைக்கும் பதின்ம வயது மல்யுத்த வீரர்களிடம் இது இன்னும் தெளிவு. 1997இல் வெளியான ஆய்வின்படி, போட்டிக் காலத்தில் அவர்களின் வளர்ச்சி ஓமோன் உயர்ந்திருக்க, ஐஜிஎஃப்-1 தாழ்ந்திருந்தது. ஓமோன் கட்டளையிட்டும் ஈரல் அசையவில்லை. போட்டிக் காலம் முடிந்து எடை தேறியதும் நிலைமை சீரானது.

கணக்கு எழுதிப் பழகிய எமக்கு இது புதிதல்ல: வரவைச் செலவு மிஞ்சினால் முதலில் நிற்பது புதுக் கட்டட வேலைதான்.

நீச்சலுக்கும் ஜிம்னாஸ்டிக்கும் ஓடும் எம் பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனையில் இந்த எண் தாழ்ந்திருந்தால், பயிற்சி மணித்தியாலங்களையும் சாப்பாட்டையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வோம். பூப்புக் காலத்தில் இந்த அளவு இயல்பாகவே வெகுவாக ஏறும். ஆகவே அக்காவின் எண்ணோடு தம்பியின் எண்ணை ஒப்பிட வேண்டாம்.