பூசணி வாஃபிள்

மஞ்சள் பூசணி விழுது சேர்த்த மாவை, கட்டம் கட்டமாகப் பள்ளம் பதித்த இரண்டு சூடான உலோகத் தட்டுகளுக்கு நடுவே ஊற்றி மூடிச் சுட்டெடுக்கும் காலை உணவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலையுதிர்காலத்துக்கு உரியது. லவங்கப்பட்டை, இஞ்சி, ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றின் பொடி கலந்திருக்கும்; மேலே வெண்ணெயும் மேப்பிள் பாகும் ஊற்றி உண்பர். அண்மைக் காலத்தில் முட்டை, கெட்டித் தயிர், வே புரோட்டீன் முதலியவற்றைக் கூட்டிப் புரதம் மிகுந்ததாகச் செய்வது பரவியுள்ளது.

இக்கட்டுரையில் பூசணி என்பது பரங்கி என்றும், கொங்கு நாட்டில் அரசாணி என்றும் வழங்கும் மஞ்சள் காயையே குறிக்கும். ஈழத்தில் நீற்றுப்பூசணி எனப்படும் வெள்ளைப் பூசணி ஆசியாவுக்கே உரிய வேறொரு பேரினம்.

பெயர்

வாஃபிள் என்ற ஆங்கிலச் சொல் டச்சு மொழியின் ‘வாஃபல்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கும் பிரெஞ்சு ‘கோஃபர்’ என்பதற்கும் வேர் ஒன்றே. தேன்கூட்டின் அறைகளைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல் அது. தமிழில் தேனடை, தின்னும் அடை இரண்டுக்கும் ஒரே சொல் நிற்பதை இங்கே நினைக்கலாம். ஆங்கிலச் சமையல் நூல்களில் இப்பெயர் 1725 முதல் அச்சில் காணப்படுகிறது.

அச்சின் வரலாறு

வாஃபிளின் வரலாறு பெரும்பாலும் அதன் அச்சின் வரலாறுதான். மாவு காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறியது. நீண்ட பிடி வைத்த, இடுக்கிபோல் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு மட்டும் ஏறக்குறைய அப்படியே நின்றது. பண்டைய கிரேக்கர் இரண்டு உலோகத் தட்டுகளுக்கிடையே சுட்ட மெல்லிய அப்பத்தை இதன் மூதாதையாகச் சொல்வதுண்டு. அதிலிருந்து இடைக்கால ஐரோப்பாவரை சங்கிலி அறாமல் வந்தது என்பது ஊகமே.

உறுதியாகப் பேசத்தக்கது தேவாலய அச்சிலிருந்து. திருப்பலிக்கான மெல்லிய அப்பத்தைச் சுட்ட இரும்புத் தட்டுகளில் சிலுவையும் திருவுருவங்களும் செதுக்கப்பட்டிருந்தன. அதே முறையில் சுட்டுக் கடைத்தெருவில் விற்ற அப்பம் பிரான்சில் ‘ஊப்ளி’ எனப்பட்டது. ஊப்ளி சுடுவோர் பாரிசில் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்சங்கமாகத் திரண்டனர்; 1270 என்ற ஆண்டைப் பல நூல்கள் தருகின்றன. சங்கத்தில் தேர்ச்சி பெற விரும்புபவர் ஒரே நாளில் 500 பெரிய ஊப்ளிகளையாவது சுடவேண்டும் என்ற விதி பின்னாளில் இருந்தது. விறகு அடுப்பின் முன் நின்று, ஒரு முழத்துக்கு மேல் நீண்ட இரும்பைத் திருப்பித் திருப்பிப் பிடித்து 500 என்பது கை அறிந்தவர்க்கே இயலும்.

14ஆம் நூற்றாண்டின் இறுதி இவ்வுணவுக்கு அரிய வெளிச்சம் தருகிறது. ஏறத்தாழ 1393இல், பாரிசில் வயது முதிர்ந்த கணவர் ஒருவர் தம் இளம் மனைவிக்காக எழுதியதாக அமைந்த ‘லெ மெனாஜியே த பாரி’ என்ற இல்லற நூல், வாஃபிளை நான்கு விதமாகச் செய்யக் கற்பிக்கிறது. ஆசிரியர் பெயர் அதில் இல்லை. முதல் வகையில் முட்டையை அடித்து, உப்பும் திராட்சை மதுவும் சேர்த்து, மாவைக் கலக்கவேண்டும். ஒரு பாலாடைக்கட்டித் துண்டின் அளவே மாவை அச்சில் இட்டு, மூடி, இரு புறமும் சுடவேண்டும். வேறொரு வகையில் மாவுக்கு நடுவே பாலாடைக்கட்டியையே வைத்து மூடுவர். நான்காவது வகை முட்டையும் பாலாடைக்கட்டியும் இல்லாத எளியது. சர்க்கரை இவற்றில் இல்லை. மாவைப் பொங்கவைக்கும் பொருளும் இல்லை. இன்று முட்டையையும் காட்டேஜ் சீஸையும் அடித்துச் செய்யும் புரத வாஃபிள் புதுமையாகப் பேசப்பட்டாலும், அதன் இரண்டு முதன்மைப் பொருள்களும் இந்நூலிலேயே கூடியிருந்தன.

அந்நூல் தரும் ஒரு குறிப்பைத் தனியே சொல்லவேண்டும். அச்சிலிருந்து மாவு சரியாகக் கழன்று வராவிட்டால், எண்ணெயிலோ கொழுப்பிலோ தோய்த்த சிறு துணியால் தட்டைத் துடைக்கச் சொல்கிறார் ஆசிரியர். தோசைக்கல்லுக்கு எண்ணெய்த் துணி வைத்திருக்கும் வீட்டில் இதை விளக்கவேண்டியதில்லை. வாஃபிள் சுடுவோரின் தலைவலி அப்போதும் இப்போதும் ஒன்றே: ஒட்டாமல் எடுப்பது.

தேன்கூடு போன்ற கட்ட வடிவம் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நிலைபெற்றது. கட்டம் அழகுக்கு மட்டும் உரியதன்று. பள்ளம் கூடக்கூடச் சூட்டைத் தொடும் பரப்பு கூடும், மொறுமொறுப்பு மிகும், பின்னாளில் வெண்ணெயும் பாகும் தேங்க இடமும் ஆயிற்று. நெதர்லாந்து, பெல்ஜியம் அடங்கிய தாழ்நிலங்களில் செல்வக் குடும்பங்கள் திருமணத்துக்கெனக் குலச்சின்னமும் ஆண்டும் பொறித்த அச்சுகளைச் செய்வித்தன. ஆண்டு பொறித்திருப்பதால் அருங்காட்சியகங்களுக்கு அவை தாமே சாட்சி சொல்கின்றன.

பீட்டர் ப்ரூகல் 1559இல் வரைந்த, இன்று வியன்னாவில் உள்ள, ‘களியாட்டத்துக்கும் தவக்காலத்துக்கும் இடையே சண்டை’ என்ற ஓவியத்தில் வாஃபிள் பல இடங்களில் தென்படும். ஒரு பெண் நெருப்பின் முன் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருக்கிறாள். முன்பக்கத்தில் பகடை உருட்டும் ஒருவன் தொப்பியிலேயே வாஃபிளைச் செருகிக்கொண்டிருக்கிறான். தவக்காலத்தில் முட்டையும் வெண்ணெயும் விலக்கு என்பதால், அதற்கு முன் அவற்றைத் தீர்த்துவிடும் பண்டமாக வாஃபிள் அமைந்தது. அடுத்த ஆண்டே, 1560இல், பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸ் தெருவில் வாஃபிள் விற்போர் ஒருவரிடமிருந்து ஒருவர் குறைந்தது 2 துவாஸ், அதாவது ஏறத்தாழ 4 மீட்டர், தள்ளி நிற்கவேண்டும் என்று ஆணையிட்டதாகச் சொல்வர். வாடிக்கையாளருக்காக அடித்துக்கொண்டார்கள் போலும்.

மாவைப் பொங்கவைக்க பீர் நுரையின் ஈஸ்ட்டைச் சேர்ப்பது 16ஆம் நூற்றாண்டு ஆன்ட்வெர்ப் கைப்படியொன்றில் வருகிறது. அதற்குப் பின் 18ஆம் நூற்றாண்டுவரை சர்க்கரை மலிந்தது, அச்சின் பள்ளம் ஆழ்ந்தது என்பதைத் தவிரப் பெரிய மாற்றமில்லை.

கடல் கடந்தது

டச்சுக் குடியேறிகள் 1620களில் நியூ ஆம்ஸ்டர்டாமில் (இன்றைய நியூயார்க்) குடியமர்ந்தபோது வாஃபிளும் உடன் சென்றது. 1744இல் நியூயார்க்கில் வாஃபிள் விருந்து ஒன்று நடந்ததைக் கடிதக் குறிப்பொன்று காட்டுகிறது. தாமஸ் ஜெபர்சன் பிரான்சிலிருந்து அச்சைக் கொண்டுவந்து நாட்டுக்கு அறிமுகம் செய்தார் என்ற கதை பரவலானது. அவர் ஐரோப்பாவில் அச்சு வாங்கியிருக்கலாம். அறிமுகம் என்பது பொருந்தாது.

இவ்வுணவில் சேரும் மசாலாவும் டச்சு வணிகத்தோடு தொடர்புடையது. ஜாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1621இல் வன்முறையால் கைப்பற்றியது. 1656இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து இலங்கையில் கறுவா எனப்படும் லவங்கப்பட்டையையும் கைக்கொண்டது. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்கு அச்சில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் கொக்கிஸ் என்ற பண்டத்தின் பெயரும் டச்சுச் சொல்லே என்பர். அது வாஃபிள் அன்று. அச்சுக்குத் தூரத்து உறவு.

நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட், அடுப்பின் மேல் வைத்தபடியே திருப்பத்தக்க வாஃபிள் அச்சுக்கு 1869 ஆகஸ்ட் 24இல் காப்புரிமை பெற்றார். அந்நாள் அமெரிக்காவில் வாஃபிள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. மின்சார அச்சு 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் வந்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஃபிராங்க் டோர்சா 1953இல் உறைந்த வாஃபிளைக் கடைக்குக் கொண்டுவந்தார். ‘எகோ’ என்ற பெயர் சற்றுப் பின்னர் வந்தது. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் மோரிஸ் வெர்மெர்ஷ் குடும்பத்தார் ஸ்ட்ராபெர்ரியும் பாலேடும் இட்டு விற்ற தடித்த வாஃபிள் ‘பெல்ஜிய வாஃபிள்’ என்ற வகையையே நிலைநாட்டியது. ஒரிகன் ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன் 1970களின் தொடக்கத்தில் வீட்டு அச்சில் ரப்பர்க் கரைசலை ஊற்றிக் காலணி அடிப்பகுதி செய்து பார்த்ததும், முதல் அச்சு ஒட்டிக்கொண்டு திறக்கவே மறுத்ததும், கிளைக்கதை என்றாலும் விடற்பாலது அன்று.

பூசணி சேர்ந்தது

பூசணி அமெரிக்கக் கண்டத்துக் காய். மெக்சிகோவின் ஓஹாகா பகுதியில் உள்ள கிலா நகிட்ஸ் குகையில் கிடைத்த விதைகள், அதன் பேரினத்துக் காய் ஒன்று ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரானதைக் காட்டுகின்றன. கொலம்பசுக்குப் பிறகே பூசணி இந்தியா வந்தது. ‘பரங்கி’ என்ற பெயர் அந்த வரவைக் குறிப்பதாகக் கொள்வர்.

1621இல் பிளிமத் குடியேறிகள் நடத்திய அறுவடை விருந்தில் பூசணி இருந்ததாகப் பாடநூல்கள் சொல்லும். அவ்விருந்தை நேரில் கண்டு எழுதிய கடிதம் பறவைகளையும் மானையும் மட்டுமே பேசுகிறது. அச்சேறிய சான்று 1796இல் வருகிறது. அமீலியா சிம்மன்ஸ் ஹார்ட்ஃபோர்டில் வெளியிட்ட ‘அமெரிக்கன் குக்கரி’, பூசணியைப் பால், முட்டை, மசாலாவோடு சேர்த்து மாவு ஓட்டில் சுடும் இரு முறைகளைத் தருகிறது. மாவைப் பொங்கவைக்கச் சாம்பலிலிருந்து எடுத்த உப்பைப் பயன்படுத்துவதும் அதே நூலில் உள்ளது. பேக்கிங் பவுடருக்கு முன்னோடி அதுவே.

பூசணியை வாஃபிளில் சேர்த்த முதல் கை இன்னாருடையது என்று யாருக்கும் உரிமை இல்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நூல்கள் மிஞ்சிய சோற்றைச் சேர்த்து வாஃபிள் சுடச் சொல்கின்றன. இருப்பதை மாவில் கலக்கும் அந்த வழக்கத்திலேயே பூசணியும் புகுந்திருக்கவேண்டும். அதை எளிதாக்கியது டப்பா. இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் நகரில் இருந்த டப்பா ஆலையை லிபி நிறுவனம் 1929இல் வாங்கியது. அங்கே அடைக்கப்படும் டிக்கின்சன் வகை, விழாவுக்கு முகம் செதுக்கும் செம்மஞ்சள் பூசணி அன்று. நம் பரங்கி சேர்ந்த அதே இனத்தைச் சார்ந்த, வெளிறிய தோல் கொண்ட காய். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இனிய மஞ்சள் சதையுள்ள ஸ்குவாஷ் வகைகளுக்கும் டப்பாவில் ‘பூசணி’ என்று பெயரிட இடம் தருகிறது. 2009இல் இல்லினாயில் பெய்த மழையால் அறுவடை கெட்டு, நாடெங்கும் டப்பாப் பூசணிக்குத் தட்டுப்பாடு வந்தது.

மசாலா தனியே புட்டியில் அடைபட்டது 1930களில். காபிக்கடையில் அந்தச் சுவையை ஸ்டார்பக்ஸ் 2003இல் பானமாக்கியது. உண்மையான பூசணி அதில் சேர்ந்தது 2015இல்தான்.

புரதமும் பதமும்

பூசணியால் வாஃபிளில் புரதம் கூடாது. ஒரு கோப்பை டப்பா விழுது, அதாவது 245 கிராம், 3 கிராமுக்கும் குறைவான புரதமே தரும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நார்ச்சத்தும் நிறமும் அதன் பங்களிப்பு. புரதம் பிறவற்றிலிருந்து வரவேண்டும். 250 கிராம் மைதாவில் 25 கிராம், 3 முட்டையில் 18, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 225 கிராமில் 22, வே பொடி 60 கிராமில் 48 என்று கூட்டினால், 8 வாஃபிளுக்குப் பங்கிட ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 கிராம். பாலும் இரண்டு முட்டையும் மட்டும் சேர்த்த பழைய மாவில் 6 கிராம் வரும். அமெரிக்கச் சட்டப்படி ‘புரதம் மிகுந்தது’ என்று பொட்டலத்தில் அச்சிட ஒரு பரிமாறலுக்கு 10 கிராம் வேண்டும். அதுவும் புரதத்தின் தரத்தைக் கணக்கிட்டு.

கூட்டிய புரதம் பழைய தலைவலியைத் திருப்பிக் கொண்டுவருகிறது. பாலாடைக்கட்டி எடுத்தபின் வடியும் தெளிநீரிலிருந்து பெறப்படும் வே, சூட்டில் சீக்கிரம் சிவக்கும். மிகுந்தால் ரப்பர்போல் இறுகும். பூசணியோ உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும். மேலே கருகி, நடுவே களியாக, திறக்கும்போது இரண்டாகப் பிளந்து மேல்தட்டில் பாதியும் கீழ்த்தட்டில் பாதியும் ஒட்டிய வாஃபிள் இதன் விளைவு. கைகண்ட மாற்று இது: விழுதை முதலில் அகன்ற வாணலியில் போட்டு, கரண்டியால் இழுத்தால் அடி தெரிந்து தடம் மூடாத பதம் வரும்வரை சுண்டவைத்து ஆறவிடுவது. வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் புரட்டிச் சேர்ப்பது. அச்சின் சூட்டை வழக்கத்தைவிட ஒரு படி குறைப்பது. எண்ணெய் தடவுவது சொல்லாமலே அமையும்.

வெந்ததை அறியக் கடிகாரம் வேண்டாம். அச்சின் விளிம்பில் முதலில் ஆவி வெள்ளையாகச் சீறும், பிறகு மெலியும், ஏறக்குறைய நின்றதும் திறக்கலாம். மூடி இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒரு நிமிடம் விடவேண்டும். எடுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தன் ஆவியிலேயே நமுத்துவிடும் என்பதால் கம்பித் தட்டில் பரப்புவர். டப்பா 425 கிராம். ஒரு கோப்பை போக மிஞ்சும் 180 கிராம் விழுது அடுத்த வாரம் வரை குளிர்பெட்டியில் மறந்து கிடப்பதும் இவ்வுணவின் பகுதியே.

அண்மைநிலை

புரதம் கூட்டிய ஆயத்த மாவைப் பரவலாக்கியவற்றுள் யூட்டா மாநிலத்தின் கோடியாக் கேக்ஸ் ஒன்று. 2014இல் ‘ஷார்க் டேங்க்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிய பின் பரவலாக அறியப்பட்டது. பூசணி கலந்த மாவுப் பொட்டலங்களும் உறைந்த வாஃபிள்களும் இலையுதிர்காலச் சரக்காகக் கடைக்கு வருகின்றன. மாவு இல்லாமல் முட்டையும் பாலாடைக்கட்டியும் மட்டும் கொண்டு சுடும் ‘சாஃபிள்’ என்ற வகையிலும் பூசணி சேர்ப்போர் உளர்.