புளியங்கொட்டை முதல் ‘ரோக்’ வரை

எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தார்.

“சார், ‘ரோக் லெகசி’ன்னு ஒரு வீடியோ கேம். லீவுல ஜவுளிக்கடையில வேலை பார்த்துச் சேர்த்த பணம் இருக்கு. வாங்கலாம்னு பாக்கேன். ஆனா எங்கம்மா, ‘இதுவும் ரம்மி மாதிரிதான, பணத்தத் தொலைச்சிராத’ங்காங்க. வாங்கலாமா சார்?”

இயற்பியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அந்தத் தாயார் எழுப்பிய ஐயம், உண்மையில் நிகழ்தகவைப் பற்றிய ஐயம். ஓர் ஆட்டத்தில் தற்செயலுக்கு எவ்வளவு இடம், நம் திறமைக்கு எவ்வளவு இடம் என்பதே அதன் சாரம்.

முதலில் அந்த ஆட்டம் எத்தகையது என்று பார்ப்போம். ஒரு மாயக் கோட்டைக்குள் வீரன் ஒருவன் நுழைகிறான். மேடை விட்டு மேடை தாவி, பொறிகளைத் தாண்டி, பூதங்களோடு போரிடுகிறான். இறந்தால் மீண்டும் வாயிலிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே போனால் கோட்டையின் அறைகள் எல்லாம் இடம் மாறியிருக்கும்! ஆனால் அவன் சேர்த்த பொன் மட்டும் அவனுடைய வாரிசுக்கு வந்து சேரும். இவ்வகை ஆட்டத்தை ‘ரோக்-லைட் பிளாட்பார்மர்’ என்கிறார்கள். இதன் வரலாற்றை அறிந்துகொண்டால், வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு விடை தானே கிடைக்கும். நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்குவோம்.

திண்ணையில் ஒரு சோதனைச்சாலை

தாமிரபரணிக் கரை ஊர்களில் தாயம் ஆடாத பாட்டிமார் அரிது. ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்டி ஆடுவார்கள். சோழி போட்டு ஆடுவார்கள். வசதியுள்ள வீடுகளில் பித்தளைத் தாயக்கட்டை இருக்கும். இவ்வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. வைகைக் கரையிலுள்ள கீழடியின் அகழாய்வில் பகடைக்காய்களும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன.

தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள். அவற்றின் மதிப்பு 0, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் 4 × 4 = 16 வகைகளில் விழலாம். அவற்றுள் ‘தாயம்’, அதாவது கூட்டுத்தொகை 1, விழும் வகைகள் இரண்டே இரண்டு. எனவே தாயம் விழும் நிகழ்தகவு 16-இல் 2, அதாவது 1/8. தாயம் போட்டால்தான் காய் களத்தில் இறங்கும். எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு? 7/8 என்பதை எட்டு முறை பெருக்குங்கள், ஏறத்தாழ 0.34 வரும். மூன்றில் ஒரு பங்கு! “எனக்கு மட்டும் தாயமே விழமாட்டேங்குது” என்று உங்கள் தங்கை முகம் சுளிப்பதில் வியப்பில்லை அல்லவா?

ஆனால் தாயத்தில் தற்செயல் மட்டும் ஆட்சி செய்வதில்லை. விழுந்த எண்ணைக் கொண்டு எந்தக் காயை நகர்த்துவது, எதிரியின் காயை வெட்டுவதா, நம் காயைக் காப்பதா என்று தீர்மானிப்பவர் நாம். கட்டை விழுவது தற்செயல். காயை நகர்த்துவது அறிவு.

பாம்பும் ஏணியும்

இதற்கு மாறானது பரமபதம். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி முதலிய நவதிருப்பதிகள் அமைந்த நம் பள்ளத்தாக்கில் வைகுண்ட ஏகாதசியின் சிறப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அன்று இரவு கண்விழிப்பதற்காகப் பரமபதம் ஆடுவது தமிழகத்துப் பழைய வழக்கம். பாவம் செய்தவனைப் பாம்பு விழுங்கிக் கீழே தள்ளும். புண்ணியம் செய்தவனை ஏணி மேலே ஏற்றும். வைகுண்டத்தின் வாசல்வரை போனவனைக்கூட ஒரு பெரும் பாம்பு அடிக்கட்டத்திற்கே இறக்கிவிடும். இந்திய மண்ணின் இவ்வாட்டமே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, அங்கே சிறுவர் விளையாட்டாக உருமாறியது.

பரமபதத்தில் நமக்கென்று ஒரே ஒரு காய். விழுந்த எண்ணுக்கு ஏற்ப அது நகர வேண்டும். தேர்வு செய்ய எதுவுமில்லை. நூறு ஆண்டுகள் பயின்றாலும் அதில் வல்லவராக முடியாது. ஆக, நம் முன்னோர் இரு துருவங்களையும் அறிந்திருந்தனர். சதுரங்கத்தில் தற்செயலே இல்லை. பரமபதத்தில் தேர்வே இல்லை. தாயம் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. நம் மாணவர் கேட்ட ஆட்டம் எங்கே நிற்கிறது? அதை அறியக் கலிபோர்னியா வரை சென்று வருவோம்.

கணிப்பொறிக்குள் ஒரு பாதாளம்

1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்னும் இரு மாணவர்கள் ‘ரோக்’ என்ற கணிப்பொறி ஆட்டத்தை உருவாக்கினர். பின்னர் பெர்க்லியில் கென் அர்னால்டு அவர்களுடன் சேர்ந்துகொண்டார். அன்றைய திரைகளில் படங்கள் இல்லை, எழுத்துகள் மட்டுமே. வீரனுக்கு ஒரு குறி. பூதங்களுக்கு ஆங்கிலத்தின் 26 எழுத்துகள். பாதாளத்தின் அடித்தளத்திலுள்ள ஒரு தாயத்தை (இது நம் தாய ஆட்டமன்று, கழுத்தில் அணியும் தாயத்து) எடுத்துக்கொண்டு மேலே திரும்ப வேண்டும்.

இதில் இரண்டு புதுமைகள் இருந்தன. பாதாளத்தின் அமைப்பு ஒவ்வோர் ஆட்டத்திலும் மாறும். ஆகவே அதை உருவாக்கியவர்களுக்கே அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரியாது! இரண்டாவது, இறந்தால் இறந்ததுதான். பழைய நிலையைச் சேமித்து வைத்து மீண்டும் பிழைக்க வழியில்லை. எஞ்சுவது ஆடியவரின் மனத்தில் உள்ள அனுபவம் ஒன்றே.

எல்லாம் ஒரு விதையில்

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. கணிப்பொறி சொன்னதைத்தானே செய்யும்? அது எப்படிக் கட்டை உருட்டும்? உண்மையில் அது உருட்டுவதில்லை, உருட்டுவதுபோல் கணக்கிடுகிறது. நீங்களே ஒரு தாளில் செய்து பாருங்கள். ஓர் எண்ணை எடுத்து 5-ஆல் பெருக்கி, 3-ஐக் கூட்டி, 16-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். அந்த மீதிக்கும் அதையே செய்யுங்கள். 7-இல் தொடங்கினால் 6, 1, 8, 11, 10, 5, 12 என்று ஒழுங்கற்றதுபோல் ஒரு வரிசை வரும். 0 முதல் 15 வரை எல்லா எண்களும் ஒருமுறை வந்தபின் மீண்டும் 7 வரும். பெரிய எண்களைக் கொண்டு இவ்வாறு செய்தால் கோடிக்கணக்கான எண்கள் கிடைக்கும். இம்முறைக்கு வித்திட்டவர் லேமர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர்; காலம் 1949.

தொடக்க எண்ணுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘விதை’! ஒரே விதையை இட்டால் ஒரே பாதாளம் முளைக்கும்; வேறு விதையை இட்டால் வேறு பாதாளம். நம் பாட்டி உருட்டிய புளியங்கொட்டையும் விதைதானே!

இரு ஆறுகளின் கூடல்

சீவலப்பேரியருகே சிற்றாறு தாமிரபரணியோடு கலப்பதுபோல, ரோக்கின் மரபோடு மற்றொரு மரபும் வந்து கலந்தது. 1981-இல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் ‘டாங்கி காங்’ ஆட்டத்தையும் 1985-இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தையும் வெளியிட்டது. மேடைகளில் தாவிச் செல்லும் இவற்றுக்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டும். ஆனால் பாதை மாறாது. பத்து முறை ஆடினால் மனப்பாடம் ஆகிவிடும். 2008-இல் டெரெக் யூ என்பவர் ‘ஸ்பெலங்கி’ ஆட்டத்தில் தாவும் வீரனை, ரோக்கைப்போல் மாறிக்கொண்டேயிருக்கும் குகைக்குள் இறக்கினார். மனப்பாடம் இனிப் பயன்படாது, புரிதல் வேண்டும்.

2013-இல் கனடாவின் டொராண்டோவிலுள்ள செல்லார் டோர் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்டதுதான் நம் மாணவர் கேட்ட ‘ரோக் லெகசி’. அதில் வீரன் இறந்ததும் மூன்று வாரிசுகளுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருவருக்கு நிறக்குருடு இருக்கும். திரை முழுவதும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். வேறொருவருக்குக் கிட்டப்பார்வை, தொலைவிலுள்ளவை மங்கும். தந்தை விட்டுச்சென்ற பொன்னைக் கொண்டு வாரிசு தன் வலிமையைக் கூட்டிக்கொள்ளலாம். மிச்சம் பிடிப்பது எளிதன்று. கோட்டை வாயிலில் நிற்கும் காவலன் எஞ்சிய பொன்னைப் பிடுங்கிக்கொள்வான்! கோட்டையின் அமைப்பு மாறாதிருக்க விரும்பினால் அதற்கும் வழியுண்டு. ஆனால் பொன் வரவு குறையும். ரோக்கில் மரணம் அனைத்தையும் அழித்தது. இதில் ஏதோ ஒன்று எஞ்சுகிறது. அதனால்தான் ‘லைட்’ என்ற அடைமொழி. நம் நாட்டிலும் 2017-இல் ஐதராபாத்தின் ஓகர் ஹெட் ஸ்டூடியோ, ரோக்கின் மரபில் ‘அசுரா’ என்ற ஆட்டத்தை உருவாக்கியது.

திறமையின் கணக்கு

இந்த ஆட்டம் பரமபதமா, தாயமா? ஒரு கணக்குப் போடுவோம். வெற்றி பெற 30 அறைகளைக் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறையில் உயிர்தப்பும் வாய்ப்பு 90 விழுக்காடு எனில், முப்பதையும் கடக்கும் வாய்ப்பு 0.9-ஐ முப்பது முறை பெருக்கினால் வருவது. சுமார் 4 விழுக்காடே! பயிற்சியால் 90 என்பது 95 ஆனால் 21 விழுக்காடு. 98 ஆனால் 55 விழுக்காடு. ஒவ்வோர் அறையிலும் சிறிதளவு தேர்ச்சி, முடிவில் பெருமாற்றம். அறைகளை வகுப்பது தற்செயல். ஆனால் கடப்பது நாம். எனவே இது தாயத்தின் இனம், பரமபதத்தின் இனமன்று.

ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். அந்த 90 விழுக்காடு 95 ஆவது இரு வழிகளில் நிகழலாம். நம் கை தேறியிருக்கலாம். அல்லது தந்தையின் பொன்னால் வீரனின் வாள் கூர்மையாகியிருக்கலாம். முதலாவது நாம் கற்றது. இரண்டாவது நாம் செலவிட்ட நேரத்துக்குக் கிடைத்த கூலி. ஆடுபவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்!

ரம்மியும் இதுவும் ஒன்றா?

இனி அந்த அன்னையின் அச்சத்துக்கு வருவோம். அந்த அச்சம் வீணானதன்று. இணையத்தில் பணம் வைத்துச் சீட்டாடிக் கடனாளியாகி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் துயரத்தைத் தமிழகம் கண்டிருக்கிறது. 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழகச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றமும் நிறைவேற்றியது.

ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்சநீதிமன்றம் 1967-லேயே கூறியதுண்டு. அப்படியானால் ஆபத்து எங்கிருந்து வந்தது? தற்செயல் தீமையன்று, திறமை மட்டுமே பாதுகாப்புமன்று. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பணம் கைமாறுகிறதா என்பதே கேள்வி. ‘ரோக் லெகசி’யில் ஒரு முறை விலை கொடுத்தால் முடிந்தது. ஆயிரம் முறை இறந்தாலும் பையிலிருந்து ஒரு காசு போகாது. உள்ளே புழங்கும் பொன் வெறும் எண். ஆனால் எல்லா ஆட்டங்களும் இப்படியல்ல. இலவசம் என்று அழைத்து, உள்ளே நுழைந்தபின் பெட்டிக்கு இவ்வளவு, வாளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பவையும் உண்டு. அங்கே அந்த அன்னையின் எச்சரிக்கை முற்றிலும் பொருந்தும்.

வாங்கலாமா?

மாணவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். முதலாவது: விலை ஒரு முறையா, ஆடுந்தோறுமா? இரண்டாவது: தோற்றால் ஏன் தோற்றேன் என்று எனக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அங்கே கற்பதற்கு இடமுண்டு. மூன்றாவது: நான் தேறுகிறேனா, வாள் மட்டும் தேறுகிறதா?

இவற்றுக்கு விடை காண வசதியும் உண்டு. கணிப்பொறி ஆட்டங்களை விற்கும் ‘ஸ்டீம்’ என்ற இணையக் கடையில், வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த நேரத்தை ஆய்வுக்கூட நேரமாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் காரணத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பத்து மரணங்களில் ஏழெட்டுக்காவது காரணம் எழுத முடிந்தால் அது உங்கள் பணத்துக்குத் தகுந்த ஆட்டம். ‘தெரியவில்லை’ என்றே எழுதிக்கொண்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாணவரின் முகம் மலர்ந்தது. “அப்ப அம்மாகிட்ட சொல்லிரலாமா சார்?” என்றார். “சொல்லுங்கள்; ஆனால் விலையின் மறுபாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்” என்றேன்.

அந்த மறுபாதி நேரம். ஒவ்வொரு மரணமும் ஒரு வாரிசை நீட்டி, “இன்னும் ஒரே ஓர் ஆட்டம்” என்று அழைக்கும். வைகுண்ட ஏகாதசி இரவு விடிய விடியப் பரமபதம் ஆடினார்கள் நம் பெரியவர்கள். ஆனால் விடிந்ததும் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். கணிப்பொறித் திரைக்கு விடியல் கிடையாது. அதை நாம்தான் வைக்க வேண்டும்.