சாய்ந்த கோடு செய்த வேலை

விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையில், வரவு&செலவு என்ற ஃபைலை அழிக்கச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? & குறியைக் கண்டதும் அது கட்டளையை இரண்டாக வெட்டிவிடும். 'வரவு' என்று வேறு ஃபைல் இருந்தால், கேள்வி கேட்காமல் அது காலி. அப்புறம் 'செலவு' என்ற கட்டளையைத் தேடி, அப்படி ஒன்றும் இல்லையே என்று முறைக்கும்.

'இதற்கு அர்த்தம் பார்க்காதே, வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்' என்று சொல்ல ஒரு குறி வேண்டும். யூனிக்ஸில் அது பேக்ஸ்லாஷ் (\). விண்டோஸிலோ தொப்பி போலிருக்கும் ^. ஏன் இந்தப் பேதம்?

பேக்ஸ்லாஷை கம்ப்யூட்டர் எழுத்து வரிசைக்குள் கொண்டுவந்தவர் ஐ.பி.எம்.மின் பாப் பீமர். ஆண்டு 1961. அல்கால் மொழியின் 'மற்றும்', 'அல்லது' குறிகளை /\ என்றும் \/ என்றும் எழுதலாமே என்பது அவர் யோசனை. பாவம், அதற்கு அது அதிகம் பயன்படவில்லை.

1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தது. அதன் டாஸில் ஃபோல்டர் என்ற பேச்சே கிடையாது. 160 கிலோபைட் ஃப்ளாப்பிக்கு எதற்கு ஃபோல்டர்? கட்டளைகளோடு சேரும் உபரி உத்தரவுகளுக்கு / குறியைக் கொடுத்துவிட்டார்கள்.

1983 மார்ச்சில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு பி.சி. எக்ஸ்டி. இப்போது ஃபோல்டர் இல்லாமல் முடியாது. டாஸ் 2.0-ல் யூனிக்ஸைப் பார்த்து ஃபோல்டர்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் யூனிக்ஸில் ஃபோல்டர் பெயர்களைப் பிரிக்கும் / ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது. அதைப் பிடுங்கினால் பழைய கட்டளைகள் எல்லாம் குழம்பும். சும்மா இருந்த \ மாட்டிக்கொண்டது.

1993-ல் விண்டோஸ் என்.டி. வந்தபோது, ஒவ்வொரு ஃபைலின் முகவரியிலும் \ உட்கார்ந்திருந்தது. அர்த்தம் நீக்கும் வேலையையும் அதற்கே கொடுத்தால் முகவரிகள் உருப்படுமா? ^ அந்த வேலையைப் பார்த்தது.

அதுவும் முழுசாக இல்லை. பேட்ச் ஃபைலில் % குறியிடம் தொப்பியின் பாச்சா பலிக்காது. தொப்பியைப் பார்ப்பதற்கு முன்பே % மதிப்பாக மாற்றப்பட்டுவிடும். அதனால் அங்கே %% என்று இரண்டு முறை எழுத வேண்டும்.

வரவு&செலவுக்கு மட்டும் சுலப வைத்தியம் இருக்கிறது: பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுவிடுங்கள். ஃபோல்டரே இல்லாத ஒரு காலத்தில் / குறியைத் தாராளமாகக் கொடுத்ததற்கு, இன்றைக்கும் நாம்தான் வட்டி கட்டுகிறோம்.